கடைசிச் சீட்டில் ஏற்றிய பந்தயம்

ஏப்ரல் மாதத்து நுவரெலியா குதிரைப் பந்தயத்திற்கு அந்தச் சனிக்கிழமை போய்விட வேண்டும் என்பது பெரிய கிளாக்கர் அமிர்தநாதனின் ஆசை. வட்டகொடையில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருந்த மனைவி பூரணியையும், தாம் இன்னும் முகம் பாராத மகளையும் கண்டுவர வேண்டும் என்பது சின்னக் கிளாக்கர் கந்தப்பனின் ஆசை. தேயிலைத் தோட்டத்து ஆபீசிலிருந்து ஒருவருக்குத்தான் லீவு என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லிவிட்டார். அந்த ஒருவர் யார் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அமிர்தநாதன். பதவியைப் பயன்படுத்திக்கொண்டார் என்று எவரும் சொல்லிவிடலாகாதே என்பதற்காக, "சீட்டே தீர்க்கட்டும்" என்றார் அவர்.

அதற்கு முந்தைய ஞாயிறு பிற்பகல், நோர்வூட்டுக்கு மேலிருந்த அத்தோட்டத்தில், அவர் வீட்டு முன்னறையில் போக்கர் ஆட்டம் நடந்தது. தேயிலைத் தொழிற்சாலையைக் கவனிக்கும் டீமேக்கர் டக்ளஸ் சீட்டுப் போட்டார். பந்தயம் கட்டத் தேயிலை விதைகள். ஆளுக்கு ஐந்து சீட்டு. முதலாவது கவிழ்ந்திருக்கும், மற்றவை ஒவ்வொன்றாகத் திறந்து விழும். ஆட்டம் முடிகையில் அதிக விதை வைத்திருப்பவருக்கு லீவு.

இறுதிக் கையில் கந்தப்பன் முன்னே இரண்டு ராஜாக்கள் திறந்து கிடந்தன. அமிர்தநாதன் முன்னே நான்கு இஸ்பேடுகள். ஐந்தாவதும் இஸ்பேடாயிருந்தால் வெற்றி அவருக்கே. ஆனால் கவிழ்ந்திருந்ததோ இதயம் போட்ட சிவப்பு ஆட்டின் ஒன்பது.

கந்தப்பன் ஒரு பிடி விதையை முன்னே தள்ளினார். கடைசிச் சீட்டு விழும்வரை அடங்கியிருந்து, பின்பு திடீரென்று பந்தயத்தை ஏற்றினால் எதிராளி நம்பிவிடுவார் என்பது அமிர்தநாதன் பெருமையோடு கையாண்டுவந்த உத்தி. தம் விதைகள் அனைத்தையும் தள்ளினார்.

"அடேயப்பா! கிளாக்கரய்யா அஞ்சும் இஸ்பேடா கோத்துட்டாருங்க போல," என்றார் டக்ளஸ். "என்ன தம்பி, காட்டச் சொல்றீங்களா, ஓடுறீங்களா?"

கந்தப்பன் எதிரே கவிழ்ந்திருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு அமிர்தநாதனின் முகத்தைப் பார்த்தார்.

"விட்டுடுறேங்க ஐயா."

அமிர்தநாதன் புன்னகையோடு தம் சீட்டைக் காட்டாமலே சீட்டுக்கட்டில் செருகினார். கட்டை விரித்து அடுக்கிய டக்ளஸ் சிரித்துவிட்டார்.

"இது நீங்க போன கிழமை வெட்டி ஒட்டின ஆட்டின் ஒன்பதுதானே தம்பி? எலி கடிச்சதுக்குப் பதிலா? முதுகு இப்பிடி வெளுத்திருக்கே, குருடனுக்கும் தெரியும்!"

அமிர்தநாதன் என்றுமே சீட்டின் முதுகைக் கவனித்தவரல்லர். காதுகள் சுட்டன. டக்ளஸ் போகும்வரை அவர் தலை நிமிரவில்லை.

"தெரிஞ்சிருந்தும் ஏன் காட்டச் சொல்லலை?"

"ஐயாவைப் போய்க் காட்டச் சொல்றதுங்களா?" கந்தப்பன் பணிவோடு எழுந்து நின்றார். "அடுத்த மாசமும் லீவு உங்ககிட்டதானுங்களே கேக்கணும்."

அன்றிரவு அமிர்தநாதன் மன்னிப்புக் கேட்கப் பலமுறை சொற்களைத் தேர்ந்தார். காலையில் ஆபீசில் கந்தப்பன் முன் நின்றபோது வாயில் வந்தவை வேறு சொற்கள்.

"தம்பி, துரை எனக்கு லீவு இல்லேன்னுட்டார். சனிக்கிழமை நீங்க போயிட்டு வாங்க."

துரையின் கார் அன்று இன்னும் வந்திருக்கவில்லை. வாசலுக்கு நேரே மேசை போட்டிருந்த கந்தப்பனுக்கு அது தெரியும்.

"அப்படிங்களா ஐயா. ரொம்ப நன்றிங்க," என்றார் கந்தப்பன்.

வேறொன்றும் கேட்கவில்லை. அவர் ஏதேனும் கேட்டிருக்கலாகாதா என்று எண்ணியவாறே, அமிர்தநாதன் தம் நாற்காலிக்குத் திரும்பி நடந்தார்.