பொத்தான் அக்காளின் உயரம்

உயிரோடு இருந்த பொத்தான் அக்காளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக எங்கள் பங்குக் கோயிலில் ஒன்பது ஞாயிறு செபித்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் தன் கட்டிலிலிருந்து ஒரு சாண் மேலே போனாள். பங்குப் பதிவேட்டில் இதில் முதல் பாதியைத்தான் எழுதியிருக்கிறார்கள். மறுபாதியை எழுத வெட்கமாக இருந்திருக்கும். எனக்கும் வெட்கம்தான். அந்த ஒன்பது ஞாயிறும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஆமென் சொன்னவள் நான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன் பிள்ளைகளே. வேறு யாரிடமாவது கேட்டீர்களானால் எல்லாப் பழியையும் அச்சு மிஷின்மேல் போட்டு முடித்துவிடுவார்கள்.

கோயிலில் வாராவாரம் ஒரு தாள் கொடுப்பார்கள். முன்பக்கம் வரும் வார நிகழ்ச்சிகள்: செவ்வாய் ஆறு மணிக்குப் பாடகர் குழுப் பயிற்சி, வியாழன் திருமணம் ஆகப்போகிறவர்களுக்கு வகுப்பு, சனி காலை பெஞ்சு துடைக்க வருகிறவர்கள் சொந்தத் துணி கொண்டுவரவும். பின்பக்கம் இரண்டு பட்டியல். இடப்புறம் நோயுற்றோர், வலப்புறம் இறந்தோர். இறந்தோர் பட்டியலில் ஏறிய பெயரை மூன்று மாதம் பூசையில் வாசிப்பது எங்கள் பங்கின் வழக்கம். இந்தத் தாளைத் தயாரித்தவள் கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்த கிளார்க்கம்மா. வரிக்கு வரி அடியில் ஸ்கேலை வைத்துச் சரிபார்ப்பாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பூசை நேரம்கூடத் தப்பாக அச்சானதில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் நடையிலேயே பார்க்கலாம். யாராவது செத்துப்போனதாகத் தகவல் வந்தால், போன வாரத் தாளைக் கணினியில் எடுத்து, இடப்பக்கத்துப் பெயரை வெட்டி வலப்பக்கம் ஒட்டுவாள். அவ்வளவுதான் வேலை.

அந்த வாரம் செத்தவர் ரொட்டிக்கடை அம்மா. பெரிய மகள் இருந்த ஊருக்குக் கொண்டுபோய் அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். மகன் கடையிலிருந்து கோயிலுக்கு ஒரு போன் போட்டுச் சொன்னதோடு சரி. கிளார்க்கம்மா தாளை எடுத்தாள், வெட்டினாள், ஒட்டினாள். ரொட்டிக்கடை அம்மா பெயருக்கு நேர் கீழே இருந்த பெயர் பொத்தான் அக்காளுடையது. ஒரு வரி தள்ளிக் கை வெட்டிவிட்டது.

பொத்தான் அக்கா யாரென்றால், கோயிலுக்கு எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தவள். சட்டைப் பட்டறைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். பாடகர் குழு அங்கிகள், மணப்பெண்களின் முதுகுப் பொத்தான்கள், பங்குச்சாமியின் நீள அங்கியில் இருக்கிற முப்பத்துமூன்று பொத்தான்கள் எல்லாம் அவள் கை. முந்தின வருஷம் படியில் விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து கட்டிலை விட்டு அதிகம் இறங்கவில்லை. பட்டறை ஆள் வாரத்துக்கு இரண்டு தடவை சட்டைப் பெட்டியையும் சாப்பாட்டுச் சாமானையும் வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு, அவள் ஊன்றுகோலோடு வந்து சேர்வதற்குள் போய்விடுவான். பங்கில் நோயாளர் சந்திப்புக் குழு என்று எட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களும் வெள்ளிதோறும் அவளைச் சந்தித்ததாக நோட்டில் இருக்கிறது. நோட்டை வைத்திருந்த தலைவிக்குப் பிற்பாடு டிக்கம்மா என்று பெயர் வந்தது. ஏன் வந்தது என்று போகப்போகத் தெரியும்.

முதல் ஞாயிறு சாமி பெயரை வாசித்ததும் கோயிலில் ஒரு முனகல் எழுந்தது. ஐயோ பாவம், தங்கமான மனுஷி என்றார்கள். அடக்கம் எப்போது நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் போயிருப்பார்கள், தான் மட்டும்தான் போகவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்து வாயை மூடிக்கொண்டோம். பிறகு நானூறு பேர் சேர்ந்து அவளுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டோம். மனதாரத்தான் கேட்டோம், அதில் குறை சொல்ல முடியாது. எதிர் மாடியில் மடியில் சட்டையோடு உட்கார்ந்திருந்த பொத்தான் அக்காளுக்குக் கீழே மெத்தை இல்லாமல் போனது. வாயுத் தொல்லை என்று நினைத்து வெந்நீர் குடித்தாள். அடுத்த ஞாயிறு இரண்டு சாண். வலி ஏதும் இல்லை, இடுப்பு நோவுகூடக் குறைந்திருந்தது. ஊசி கீழே விழுந்தால் எடுக்க முடியவில்லை என்பதுதான் சங்கடம். அதனால் ஊசியை நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். காற்றில் எங்காவது ஒதுங்கிவிடக் கூடாதென்று கோட்டுத் தைக்கிற முறுக்கு நூலால் தன் கணுக்காலையும் கட்டில் காலோடு கட்டினாள். வாசலுக்குப் போக வேண்டுமானால் நூலை அவிழ்த்துவிட்டு, ஒட்டடைக் கம்பால் சுவரை உந்திக்கொண்டு போவாள். வேலை ஒரு சட்டைகூடக் குறையவில்லை என்று பட்டறைக்காரர்கள் பின்னால் சாட்சி சொன்னார்கள்.

நான்காவது ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை, கிளார்க்கம்மா அலுவலக ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தபால் பிரித்தாள். ஆயர் வீட்டுக் கடிதம் ஒன்று இருந்தது. வாரத் தாள்களைத் தவறாமல் படித்து வருவதாகவும், நோயுற்றோரை இவ்வளவு ஒழுங்காகக் கவனிக்கிற பங்கை நேரில் வந்து பாராட்ட விரும்புவதாகவும் ஆயர் எழுதியிருந்தார். அவள் சந்தோஷத்தில் தலையை நிமிர்த்தினாள். எதிர் மாடி ஜன்னலில், இருக்க வேண்டிய இடத்துக்கு நாலு சாண் மேலே, பொத்தான் அக்கா உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த வெள்ளைச் சட்டையை உயர்த்தி ஆட்டினாள். கூப்பிட்டாள் என்றும் வைத்துக்கொள்ளலாம். கிளார்க்கம்மா அந்த ஒரு பார்வையிலேயே தன் கை எந்த வரியை வெட்டியது என்று தெரிந்துகொண்டாள். எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள்.

ஆயர் வந்து போகட்டும், அப்புறம் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்பது அவள் கணக்கு. இப்போது பெயரை எடுத்தால் ஏன் என்று கேள்வி வரும். செபம்தானே, செபத்தால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்றும் சொல்லிக்கொண்டாள். மேலும் ஐந்து வாரம், பட்டப்பகலில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெயரை வலப்பக்கத்திலேயே அச்சடித்தாள். பொத்தான் அக்காளின் தலை கூரையைத் தொட்டது.

ஆயர் வந்த அன்று வெயில் நன்றாக இருந்தது. பூசை முடிந்து, பேச்சுகள் முடிந்து, விருந்துக்கு மேசை விரித்த பிறகு அவர் தாளைத் திருப்பிப் பார்த்து, “சாப்பாடு இருக்கட்டும். இந்தப் பட்டியல்ல ஒருத்தரைப் பாத்துட்டு வந்துடுவோமே” என்றார். பங்குச்சாமி நோயுற்றோர் பட்டியலின் முதல் பெயரைக் கை காட்டினார். கூட்டமாக ரொட்டிக்கடைக்குப் போனோம்.

“தம்பி, அம்மா எப்படி இருக்காங்க?” என்று ஆயர் கேட்டார்.

ரொட்டிக்கடை மகன் கையில் மாவோடு நின்றான். சட்டைப் பையில் கறுப்புப் பட்டி குத்தியிருந்தான். இரண்டு மாதமாக அது அங்கேதான் இருந்தது. தினமும் அவனிடம் ரொட்டி வாங்கின எங்களில் ஒருவரும் அது என்ன என்று கேட்டதில்லை. “அம்மா செத்து ஒம்போது வாரம் ஆச்சுங்க” என்றான்.

ஆயர் திரும்பிப் பார்த்தார். டிக்கம்மா நோட்டை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. போன வெள்ளிக்கு நேராக அவள் கையெழுத்தில், சந்தித்தோம், நலம் என்று இரண்டு கட்டத்திலும் டிக் போட்டிருந்தது.

“அப்போ நலமா இருந்தது யாரு?” என்றார் ஆயர். கோபமே இல்லாமல் கேட்டார், அதுதான் தாங்கவில்லை. “ஒம்போது வாரமா நாம வாசிச்சது யாரு பேரை?”

எல்லோருடைய கண்ணும் கோயிலுக்கு எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குப் போனது.

கதவு தாழிட்டிருக்கவில்லை. பொத்தான் அக்கா கூரையோடு ஒட்டி, கழுத்தைச் சாய்த்து, ஒரு காலர் பொத்தானை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். “வாங்க சாமி, வாங்க. எல்லாருக்கும் நாற்காலி இல்ல, கட்டில் காலியாத்தான் இருக்கு, உக்காருங்க” என்றாள். பிறகு பங்குச்சாமியைப் பார்த்து, “உங்க அங்கியில கீழிருந்து அஞ்சாவது பொத்தான் தொங்குது. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க” என்றாள். சாமி குனிந்து அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதைப் பிடிக்காவிட்டால் தானே விழுந்துவிடுவார் போல.

“எத்தனை நாளாம்மா இப்படி?” என்று கேட்டார் ஆயர்.

“ஞாயித்துக்கிழமைக்கு ஒரு சாண் சாமி. ரெண்டாவது பூசை மணி அடிச்சா கிளம்பிடும். கோயில்ல ஏதோ எனக்குன்னு கேக்குறாங்கன்னு தெரிஞ்சுது. என்ன கேக்குறாங்கன்னுதான் தெரியல.”

ஆயர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முதலில் யாராவது இந்தம்மாவுக்கு ஒரு டீ போடுங்கள் என்றார். சந்திப்புக் குழுவின் எட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எழுந்து அப்படியே நின்றார்கள். நோட்டின்படி ஐம்பத்திரண்டு தடவை வந்துபோன வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் என்று ஒருத்திக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு பெயரை வாசிக்கவில்லை. ஏறுவது நின்றது, ஆனால் இறங்கவில்லை. பாடகர் குழுவின் இரண்டு பெரிய ஆண்கள் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். கையை விட்டதும் மறுபடி மேலே போய் முட்டிக்கொண்டாள். வேடிக்கை பார்க்கப் பக்கத்துப் பங்குகளிலிருந்தும் வந்தார்கள். அவர்கள் எத்தனை பேர் வந்தும் ஒரு நூல் இறங்கவில்லை. ஒரு புதன்கிழமை டிக்கம்மா தனியாக வந்தாள். வந்தவள் ஒரு மணி நேரம் சட்டைகளை மடித்து அடுக்கினாள். எழுந்து போகும்போது, “அக்கா, நான் ஒரு தடவைகூட படியேறல” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். மேலேயிருந்து, “படி செங்குத்து, எனக்கே இடுப்பு போச்சு” என்று பதில் வந்தது. அன்று சாயங்காலம் பொத்தான் அக்கா அரைச் சாண் இறங்கியிருந்தாள்.

அதன்பிறகு ஒவ்வொருவராகப் போனோம். நானும் போனேன், ஆமென் சொன்னதைச் சொன்னேன், எனக்கு இரண்டு விரல் இறங்கினாள். சாமி தன் முப்பத்துமூன்று பொத்தானையும் அவள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். அவருக்கு ஒரு சாண். ரொட்டிக்கடை மகன் வந்து தன் அம்மாவைப் பற்றிப் பேசினான். அவனுக்கு இறங்க வேண்டிய கடன் எதுவும் இல்லாததால் அவள் இறங்கவில்லை, ஆனால் அழுதாள். வாரத் தாளில் நிகழ்ச்சிகளோடு இதுவும் வர ஆரம்பித்தது. செவ்வாய் பாடகர் குழுப் பயிற்சி. சனி பெஞ்சு துடைத்தல். பொத்தான் அக்கா ஆறு சாண். பொத்தான் அக்கா ஐந்தரைச் சாண், மழைக்காலம், குடை கொண்டுவரவும். இதையெல்லாம் அச்சடித்தவள் கிளார்க்கம்மா. வரி தவறிவிட்டது, கை தவறுவது எல்லோருக்கும் உண்டுதானே என்று சாமியே அவளுக்கு ஆறுதல் சொல்லியிருந்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். படியேறாதவள் பங்கிலேயே அவள் ஒருத்திதான். தப்பு செய்தவளுக்கு அவ்வளவு கூச்சம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒன்றரை வருஷத்தில் நாலு விரலுக்கு வந்தாள். வந்து அங்கேயே நின்றுவிட்டாள். போனவர்களே மறுபடி போனார்கள், மறந்த சின்னச் சின்னப் பாவங்களைக்கூடத் தோண்டிக்கொண்டு போனார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நாலு விரல், நாலு விரல் என்று மூன்று வருஷம் தாளில் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துச் சரிபார்த்தவளுக்கு மட்டும் அது யாருடைய நாலு விரல் என்று தெரியும். மூன்று வருஷத்தில் அவள் பாதியாக இளைத்தாள். நடை ஒடிந்து போனது.

ஒரு சனிக்கிழமை அடித்த தாளை மேசையிலேயே போட்டுவிட்டு எழுந்து தெருவைக் கடந்தாள். மூன்று மாடியும் ஏறி, கதவருகிலேயே நின்றாள். அன்று நான் அங்கே நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் சொல்ல முடிகிறது.

“அக்கா, வரி தவறுனது நான் வேணும்னு செஞ்சதில்ல.”

“தெரியும்மா.”

“அதுக்கப்புறம்…” என்றாள். “நாலாவது வாரம் உங்களப் பாத்தேன். பாத்துட்டு அஞ்சு வாரம் போட்டேன். என் தாள்ல தப்பு வந்துச்சுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு போட்டேன்.”

பொத்தான் அக்கா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். “சட்டையை ஆட்டினேன். நீ ஜன்னலைச் சாத்தினே. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் தொறக்கல. இவ்வளவு வெளிச்சமான நாள்ல லைட்டப் போட்டுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கான்னா எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?”

“நீதான சொல்லணும்.”

கிளார்க்கம்மா கதவு நிலையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். சமாதானமாக ஒரு வார்த்தையும் அக்கா சொல்லவில்லை. ஒரு சட்டைக் குவியலைக் கீழே தள்ளி, “கை சும்மா இருக்கே, காலரைப் பிரி” என்றாள். விளக்கேற்றும் வரை மூன்று பேரும் வேலை செய்தோம். கிளம்பும்போது நான் கட்டிலுக்கும் அக்காளுக்கும் நடுவில் கை விட்டுப் பார்த்தேன். ஒரு விரல்தான் போனது.

அந்த ஒரு விரல் இன்னும் இறங்கவில்லை. ஆயர் ஒரு முறை கடிதம் போட்டுக் கேட்டார். விரிப்பு மாற்ற வசதியாக இருக்கிறது, இருக்கட்டும் என்று பொத்தான் அக்கா பதில் சொல்லி அனுப்பிவிட்டாள். கிளார்க்கம்மா தன் கையாலேயே, நாலாவது வாரமே தெரியும் என்று தாளின் முன்பக்கத்தில் ஒரு முறை அச்சடித்தாள். அடுத்த வாரம் அவளை வேலையை விட்டு நிறுத்த யாருக்கும் நாக்கு எழவில்லை. அலுவலக ஜன்னல் இப்போது மழையிலும் திறந்தே கிடக்கிறது. அதனால் சில வாரம் தாள் நனைந்து, எழுத்து கலைந்து வரும். யாரும் குறை சொல்வதில்லை. போன ஞாயிறும் அப்படித்தான் வந்தது: செவ்வாய் ஆறு மணி, பாடகர் குழுப் பயிற்சி. வியாழன், திருமண வகுப்பு. சனி, பெஞ்சு துடைத்தல், துணி கொண்டுவரவும். பொத்தான் அக்கா, ஒரு விரல்.