ஒரே தூரத்தில் இரண்டு முகம்

பினாங்கு கெலுகோரில் எட்டாவது மாடியில் இருக்கும் அந்த வீட்டில் படத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. லினெட் தோசைக்கரண்டியோடு நிற்கிற படம், மகள் நட்டாலி வாய் நிறைய நுரையோடு பல் துலக்குகிற படம், பால்கனிக் கொடியில் காயும் சட்டைக்குள் வெயில் புகுந்து நிற்கிற படம் என்று சுவரில் இனி ஆணி அடிக்க இடமில்லை. எல்லாம் லினெட்டின் கணவர் நாதன் எடுத்தவை. அத்தனை படத்திலும் சல்லடை போட்டுத் தேடினாலும் அகப்படாத ஒரே ஆள் யாரென்றால், அதே நாதன்தான். முதன்முறை வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு, "சார் வெளிநாட்டுல வேலையா?" என்று கேட்பார்கள். சார் அவர்களுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பார், மடியில் கேமராவோடு.

நாதனுக்கு வேலை புக்கிட் தெங்காவில், தொழிற்சாலை சூப்பர்வைசர். வாரம் முழுக்கக் கடல் பாலத்தைத் தாண்டிப் போய் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிற மனுஷன் ஞாயிற்றுக்கிழமை தூங்கவாவது செய்யலாம் இல்லையா? மாட்டார். விடிந்ததும் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் போய் நிற்பார். துருப்பிடித்த இஸ்திரிப்பெட்டிக்கும் அறுந்த வாட்சுக்கும் நடுவே எவனோ வைத்திருக்கும் பழைய லென்ஸைக் கண்டுவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். கேமரா என்னவோ புதுசுதான். அதில் மாட்டுகிற லென்ஸ்கள்தான் அவரைவிட மூத்தவை. தானாக ஃபோகஸ் பண்ணத் தெரியாத கட்டைகள். வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பித்தான் படத்தைத் தெளிவாக்க வேண்டும்.

அதுவரை எதிரில் இருப்பவர்கள் அசையக்கூடாது. இட்லி ஆறும், டீயில் ஆடை படியும், நட்டாலிக்குப் பஸ் போய்விடும். "இரு, இரு, வந்துருச்சு" என்பார் நாதன். எது வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பினாங்கு ஈரத்தில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்குமாம். அதற்காக அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் அலமாரி ஒன்று வாங்கி வைத்தார். லினெட்டும் சும்மா இருக்கவில்லை, கெரோபோக் வறுவல் பொட்டலத்தையும் முறுக்கு டின்னையும் அதற்குள்ளேயே ஏற்றிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டு முறுக்கு நமுத்ததே இல்லை.

ஒருநாள் கேட்டே விட்டாள். "அப்படி என்னங்க சுகம் அந்த வளையத்துல?"

நாதன் கொஞ்சம் யோசித்தார். "திருப்பும்போது மொதல்ல எல்லாம் கலங்கலா கெடக்கும் லின். அப்புறம் மெல்ல மெல்ல உன் மூஞ்சி வெளிய வரும். அந்த நேரம் இருக்கே..." என்று இழுத்தவர், மீதியைச் சொல்லாமல் லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு லினெட் இட்லி ஆறுவதைப் பற்றி முணுமுணுத்தாலும் அசையாமல்தான் உட்கார்ந்தாள். அந்த லென்ஸ் வழியே வருகிற தன் முகம் அவளுக்குப் பிடித்திருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் தெரிகிற பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இல்லை அது. யாரோ நெடுநேரம் ஆசையாகப் பார்த்த முகம்.

அப்படியிருக்கையில்தான் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்து மாதா கோயில் படியில் சவுந்தரம் அக்கா லினெட்டின் கையைப் பிடித்து நிறுத்தினார். அடுத்த வாரம் பூசையில் வெள்ளி விழாத் தம்பதிகளுக்கு ஆசீர்வாதம். அதற்குப் படம் சேகரிக்கிற பொறுப்பு அக்காவுடையது. அக்காவிடம் பொறுப்பைக் கொடுத்தால் ஃபாதரே கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார்.

"லினெட், எல்லா ஜோடியும் குடுத்துட்டாங்க. உங்க கல்யாணப் படம் வந்துருச்சு. இப்ப உள்ள படம் எங்க? ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிறது. அது பக்கத்துல இது, ஸ்கிரீன்ல பெருசா போடப்போறோம்."

"அனுப்பிடுறேன்க்கா."

"இதையே மூணு வாரமா சொல்ற லா. இன்னிக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் பார்ப்பேன். வரலன்னா ஒன்ன மட்டும் வெட்டி ஸ்கிரீன்ல போட்டுருவேன். ஒன் படம்தான் ஃபேஸ்புக் பூரா கெடக்கே!"

வீட்டுக்கு வந்து லினெட் கைப்பேசியைக் குடைந்தாள். கல்யாண வீடு, பிறந்தநாள், கேமரன் மலைப் பயணம். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள், நட்டாலி இருந்தாள். நாதன் ஒன்றே ஒன்றில் இருந்தார், அதுவும் முழங்கை மட்டும். கல்யாணத்துக்கும் இன்றைக்கும் நடுவில் இருபத்தைந்து வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷனுக்கு அத்தாட்சி ஒரு முழங்கையா? கோயில் சனம் முழுக்க நிமிர்ந்து பார்க்கும் திரையில் தான் மட்டும் தனியாக நிற்பதை நினைத்தபோது, அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன.

"என்னங்க, இன்னிக்கு எனக்கு ஒரு படம் வேணும். நீங்களும் நானும். ரெண்டு பேரும்."

நாதன் லென்ஸ் மூடியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என் மூஞ்சில என்ன லா இருக்கு? நீ மட்டும் நில்லு, ஜோரா எடுத்துத் தரேன்."

"வெள்ளி விழா எனக்கு மட்டுமா?"

குரலில் இருந்த ஈரம் அவருக்கு எட்டிவிட்டது. மூடியைக் கீழே வைத்தார்.

நட்டாலி சோபாவில் படுத்தபடியே வழி சொன்னாள். "ரெண்டு பேரும் இப்படி வாங்க, ஃபோன்ல ஒரு செல்ஃபி. முடிஞ்சது கதை."

"ஃபோன் வேணாம்" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில். நாதன் சொன்னதில் அதிசயமில்லை, லினெட் சொன்னதுதான் அதிசயம். அவளுக்கு எதற்கு இந்தப் பிடிவாதம் என்றால், அந்தப் பழைய லென்ஸுக்குள் தான் எப்படி இருக்கிறாளோ அப்படி இந்த மனுஷனும் ஒரே ஒரு தடவை இருக்க வேண்டும். அவரையும் ஒருவர் மெனக்கெட்டு, வளையம் திருப்பி, நிதானமாகப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

சாயங்காலம் மூவரும் காரை எடுத்துக்கொண்டு பாடாங் கோத்தா கடற்கரைக்குப் போனார்கள். ஞாயிறென்றால் அங்கே கேட்கவா வேண்டும்? பசெம்போர் தின்பண்டக் கடையில் கூட்டம், பட்டம் விடுகிற பிள்ளைகள், கடலோரச் சுவர் நெடுகக் குடும்பம் குடும்பமாக ஜனம். லினெட் நீலச் சேலை கட்டியிருந்தாள். நாதனுக்கு அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை.

முதலில் நாதன் தன் கைவரிசையைக் காட்டினார். கேமராவை முக்காலியில் நிறுத்தி, லினெட்டை நிற்க வைத்து ஃபோகஸ் பண்ணி, தானாக எடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டு ஓடி வந்தார். மனுஷன் ஐம்பதைத் தாண்டியவர், செருப்பு வேறு புதுசு. படத்தில் லினெட் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாதனின் முதுகு இருந்தது. அடுத்த தடவை முதுகுக்குப் பதில் ஒரு செருப்பும் குனிந்த தலையும். அதற்கடுத்த தடவை நேராக வந்து நின்றார், ஆனால் பட்டம் துரத்தி வந்த பையன் ஒருவன் குறுக்கே புகுந்து இருவரையும் மறைத்துவிட்டான்.

"அப்பா, யாருகிட்டயாவது குடுங்களேன்" என்றாள் நட்டாலி, சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவளுடைய பங்கு இதுவரை சிரிப்பு மட்டுமே.

அந்தப் பக்கம் போன சீன வாலிபன் ஒருவனை நிறுத்தினார்கள். நல்ல பிள்ளை. கேமராவை வாங்கிப் பொத்தானைப் பாதி அழுத்திக் காத்திருந்தான். கேமரா பீப் என்று சத்தம் போடும் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அது எங்கே போடும்? மறுபடி அழுத்தினான், குலுக்கிப் பார்த்தான். கடைசியில் முகம் நிறைய இரக்கத்தோடு கேமராவைத் திருப்பிக் கொடுத்தான்.

"அங்கிள், கேமரா ரோசாக் லா."

"கேமரா கெட்டுப்போகல தம்பி, இந்த லென்ஸ் கிழவி கொஞ்சம் மெதுவாத்தான் வருவா" என்று நாதன் மலாயில் விளக்கப் போனார். அவன் அதற்குள் நழுவிவிட்டான்.

வேறு வழியில்லாமல் கேமரா நட்டாலி கைக்கு வந்தது. இதற்கு முன் அந்த வளையத்தை அவள் தொட்டதில்லை, நாதன் தொடவும் விட்டதில்லை. இப்போது பாருங்கள் கூத்தை. எதிரில் நிற்கிறவர் படத்துக்கு நிற்கிறாரா, பாடம் நடத்த நிற்கிறாரா என்றே தெரியவில்லை.

"இடது பக்கம் திருப்பு! இல்லல்ல, உன் இடது! மெதுவா, மெதுவா... தாண்டிட்ட பாரு!"

கையையும் காற்றிலே திருப்பிக் காட்டினார். எடுத்த படம் அத்தனையிலும் லினெட் பக்கத்தில் வாயைப் பிளந்து, கையைத் தூக்கி, யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார் நாதன்.

"இதையே அனுப்பிடலாம்மா" என்றாள் நட்டாலி. "வீட்ல இருக்கிற மாதிரியே இருக்கு."

லினெட்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தாள், சிரிப்பு அடங்கியது. வெயில் இறங்கி, கடல் செம்பு நிறத்துக்கு வந்திருந்தது. இன்னும் கால்மணி நேரம் வெளிச்சம் நின்றாலே அதிகம். கைப்பேசியில் சவுந்தரம் அக்காவிடமிருந்து ஒரு கேள்விக்குறி மட்டும் வந்து கிடந்தது.

வெளிச்சம் குறையக் குறைய நாதன் லென்ஸை முழுதாகத் திறந்துவிடச் சொன்னார். திறந்தால் வெளிச்சம் கூடும், பின்னால் கடை விளக்கெல்லாம் அழகாகக் கரையும். ஆனால் கிழவியின் குணம் அப்போதுதான் வெளிப்படும். முழுதாகத் திறந்தால் கூர்மை அப்பளத்தின் கனத்துக்குத்தான் நிற்கும். அப்பளத்துக்கு முன்னால் இருப்பதும் கலங்கும், பின்னால் இருப்பதும் கலங்கும்.

நட்டாலி எடுத்துப் பார்த்தாள். "அம்மா பளிச்சுன்னு இருக்காங்க. அப்பா ஆவி மாதிரி இருக்கீங்க." மறுபடி எடுத்தாள். "இப்ப அப்பா பளிச்சு, அம்மா ஆவி."

"நீ அரையடி முன்னால வா லின். இல்ல, கொஞ்சம் பின்னால. ரெண்டு மூஞ்சியும் ஒரே தூரத்துல இருக்கணும்" என்றார் நாதன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பொது இடத்தில் அவர்கள் எப்போதும் விட்டு வைக்கிற ஒரு முழ இடைவெளி, அந்த நேரத்திலும் நடுவில் மரியாதையாக நின்றுகொண்டிருந்தது. அந்த இடைவெளியோடு இருவரும் முன்னும் பின்னும் நகர்ந்ததைப் பார்த்தால், வீட்டில் அலமாரியை நகர்த்துகிற மாதிரியே இருந்தது. ஒருவர் சரியாக நின்றால் மற்றவர் தப்பினார்.

"டீச்சர்! போட்டோவா?" என்று ஒரு குரல். பக்கத்துப் பெஞ்சில் லினெட்டின் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா, வடிவம்மாள், பசெம்போர் தட்டோடு குடும்ப சமேதராக உட்கார்ந்திருந்தார். லினெட் தலையாட்டிச் சிரித்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இன்னும் ஓரடி தள்ளி நின்றாள். டீச்சருக்கு என்று ஒரு மானம் இருக்கிறது அல்லவா.

நாதன் பெருமூச்சு விட்டார். "வெளிச்சம் போச்சு லா. விட்ரு லின். அக்கா உன் படத்தையே போடட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

எனக்கு ஒண்ணும் இல்ல. அதைக் கேட்டதும் லினெட்டுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஆளுக்கு ஒன்றும் இல்லையாம்! அப்படியென்றால் எனக்கு? நாளைக்கு நட்டாலியின் பிள்ளைகள் சுவரைப் பார்த்து, தாத்தா எங்கே என்று கேட்டால் முழங்கையைக் காட்டுவதா? வடிவம்மாள் பார்த்தால் பார்க்கட்டும், பாடாங் கோத்தாவே திரண்டு வந்து பார்த்தாலும் பார்க்கட்டும்.

"நட்டாலி, வளையத்த விட்றாத" என்று சொல்லிவிட்டு லினெட் அந்த ஒரு முழத்தைத் தாண்டினாள். நாதனின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, தன் கன்னத்தை அவர் கன்னத்தோடு வைத்து அழுத்தினாள். காலையில் மழித்த முடி அதற்குள் முளைத்துச் சொரசொரத்தது.

நாதன் எதையோ சொல்லத்தான் வாயெடுத்தார். இடது, வலது, மெதுவா, ஏதாவது. தூக்கிய கை அப்படியே இறங்கி, எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சம் தயங்கி, லினெட்டின் கைமேல் வந்து உட்கார்ந்தது. பெஞ்சிலிருந்து வடிவம்மாள், "அடியாத்தீ!" என்று கை தட்டினார். லினெட்டுக்குக் காது வரை சூடேறியது. ஆனாலும் நகரவில்லை.

நட்டாலி மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தைத் திருப்பினாள். இந்த முறை அதட்ட ஆள் இல்லை. அதனால் நிதானமாகத் திருப்பினாள். கலங்கலுக்குள்ளிருந்து முதலில் ஒரு காதணி வந்தது, பிறகு நரைத்த மீசை, பிறகு நாலு கண்ணும் ஒன்றாக வந்தன. "ஐயோ" என்று தன்னையறியாமல் சொன்னாள். படம் விழுந்தது.

ஓடி வந்து திரையைக் காட்டினாள். பின்னால் கடை விளக்கெல்லாம் உருண்டை உருண்டையாகக் கரைந்திருக்க, நடுவில் இரண்டு முகம். அம்மா வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கக்கூட இல்லை. தனக்கு என்ன கிடைத்தது என்று நம்ப முடியாதவர் மாதிரி இருந்தார், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி. லினெட் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதைத்தான் கேட்டேன் ஆண்டவரே, இதையேதான், என்று நினைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"ம்மா, ஒங்க முடி கொஞ்சம் கலைஞ்சிருக்கு. இன்னொன்னு எடுக்கட்டுமா?"

"வேணாம். இதையே அக்காவுக்கு அனுப்பு."

நட்டாலி கேமராவிலிருந்து கைப்பேசிக்கு மாற்றி அனுப்பினாள். எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சவுந்தரம் அக்காவிடமிருந்து வரிசையாகப் பதினைந்து இதயமும் ஒரு கேள்வியும் வந்தன: "யாரு லா எடுத்தது?"

லினெட் சேலையைச் சரிசெய்துகொண்டு, போகலாம் என்பதுபோல் கைப்பையைத் தோளில் மாட்டினாள். நாதன் மட்டும் அந்தச் சுவரோரத்திலேயே நின்றார்.

"நட்டாலி" என்றார். "இன்னொன்னு எடு."

"ஏன்ப்பா? ஃபோகஸ் சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு" என்றார் நாதன். கன்னத்தை லினெட் பக்கம் நீட்டினார். "இருந்தாலும் எடு. அவசரப்படாம, மெதுவா திருப்பு."