இடதுகைக் கழுத்து

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அக்காவின் கிட்டார்க் கழுத்தின் வளைவை அளக்காமலே உள்கம்பியைத் திருகிவிட்டேன். ‘சின்ன’ என்பதை அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். முதலில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அது எலெக்ட்ரிக் கிட்டார். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில், தலைப்பக்கத்தில் விரல் வைத்தால் தந்தி உலோகத்தில் உரசிக் கிரகிரவென்றது. கிட்டார் பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் படித்தபடி கழுத்தைக் கண்ணருகே நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். அது பின்பக்கமாக வளைந்திருந்தது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் தளர்த்தினால் தந்திகளின் இழுவையே கழுத்தை நிமிர்த்திவிடும். தளர்த்துவதற்கு இடப்பக்கம் திருக வேண்டும். வகுப்புத் தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

ஆனால் அக்கா இடதுகைக்காரி. அவளுடைய கிட்டாரில் குமிழ்கள், தந்தி வரிசை எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போல இடம் மாறியிருக்கும். அப்படியானால் கம்பியும் மாறித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டி, திருகுச்சாவியை வலப்பக்கம் திருகினேன். கிரகிரப்பு கூடியது. போதவில்லை என்று நினைத்து இன்னும் திருகினேன். யாரோ விரலில் நெட்டி முறித்தது போல ஒரு சத்தம் கேட்டது.

கழுத்தின் பின்புறம், தலை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு விரிசல். மயிரிழைதான். ஆனால் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது.

சனிக்கிழமை பிற்பகல் அக்கா ஓர் இசைக்குழுவின் முன் வாசித்துக் காட்ட வேண்டும். ஊர் ஊராகப் போகிற குழு. கிட்டார் வாசிக்க ஆள் தேடுகிறார்கள். பார்சல் கிடங்கில் பெட்டி கட்டிக் கட்டி அவளுக்கு மணிக்கட்டு போய்க்கொண்டிருக்கிறது. “இதுவும் கிடைக்கலேன்னா கிட்டாரைப் பரண்ல போட்டுடுவேன்” என்றாள் போன வாரம். சொன்னதைச் செய்கிறவள் அவள்.

கிடங்கிலிருந்து வந்ததும் கேட்டாள்: “என்ன டாக்டர், கழுத்துக்கு வைத்தியம் ஆச்சா?”

“பாதி ஆச்சு. நாளைக்கு வகுப்புல ஒரு தடவை காட்டிட்டுத் தர்றேன்.”

“நோயாளி பிழைச்சுப்பாரா?”

“பிழைச்சுப்பார்” என்றேன்.

மார்ச் 12, புதன்

வகுப்புக்கு எடுத்துப் போனேன். எங்கள் பயிற்சியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். எதைச் சொன்னாலும் “எவ்வளவு மில்லிமீட்டர்?” என்று கேட்பார். இன்று அதைக் கேட்கவில்லை. விரிசலை லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, “எந்தப் பக்கம் திருகினே?” என்றார்.

“வலது பக்கம்.”

“தளர்த்தத்தானே நினைச்சே?”

“இடதுகைக் கிட்டார் ஆச்சே மேடம். அதான்...”

பின் மேசையிலிருந்து சிரிப்பு கிளம்பியது.

“உங்க வீட்டுல இடதுகைக்காரங்க குளிக்கப் போனா, தண்ணிக்குழாயை எந்தப் பக்கம் திருகுவாங்க?” என்று கேட்டார் மில்லிமீட்டர். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவரே தந்திகளையும் கம்பியையும் தளர்த்தினார். விரிசல் தானாக மூடிக்கொண்டது. உள்ளே மெல்லிய பசையை இறக்கி, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியில் மாட்டி, ஒரு முழு நாள் அசைக்காமல் வைத்தால் பெரும்பாலும் தாங்கும் என்றார்.

“இப்பவே பண்ணிடலாமா மேடம்?”

“கிட்டார் உன்னுதா?”

“அக்காவோடது.”

“அப்போ அவங்க வந்து சரின்னு சொல்லட்டும். பசை உள்ளே போனா திரும்ப எடுக்க முடியாது. சொந்தக்காரங்க வாயால சொல்லாம இந்த மேசையில பசை மூடியைத் திறக்கிறதில்ல. முதல் நாளே சொன்னேன்ல?”

சொன்னார். எழுதி வைத்து, அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

வெளியே வந்தபோது கூடப் படிக்கும் ‘பசை’ பின்னாலேயே வந்தான். பசை என்பது வகுப்பில் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர். எது உடைந்தாலும் அவன் சொல்லும் ஒரே வைத்தியம் அதுதான். “இந்தா” என்று ஒரு சின்னக் குழாயை என் கையில் திணித்தான். “ஒட்டிட்டு மேல ஒரு சொட்டு வார்னிஷ் விடு. உங்கக்கா பூதக்கண்ணாடி வெச்சா வாசிக்கப் போறாங்க?”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

அக்கா காலையிலேயே கிட்டாரைக் கேட்டாள். இன்னும் ஒரு நாள் ஆகும் என்றேன். முகம் சுருங்கியது, ஆனாலும், “நீ பார்த்துப்பேன்னு தெரியும்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் போனதும் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் செய்தேன், இடதுகைக் கிட்டார் ஒன்று இரவல் கிடைக்குமா என்று. ஒருவர், “இடதுகையா? நாங்க வாங்கி வெச்சா அதுல ஒட்டடைதாங்க வாசிக்கும்” என்றார். இன்னொருவரிடம் ஒன்று இருந்தது, ஆனால் அதற்குத் தலையே இல்லை.

பிறகு குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, விளக்கடியில் கழுத்தை மடியில் வைத்து, பசைக் குழாயின் முனையை வெட்டினேன். விரிசலில் இறங்குவதற்குப் பதில் என் விரலில்தான் ஒழுகியது. இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. அவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு பாத்திரம் கழுவி முடிக்கட்டும் என்று. பிறகு அவள் தூங்கிவிட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

இன்று வாசித்துப் பழகுவதற்காகவே அக்கா விடுப்பு எடுத்திருந்தாள். நான் எழுந்து வருவதற்குள் பெட்டியைத் திறந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தந்திகள் தொளதொளவென்று கிடந்தன. அவள் கட்டைவிரல் சரியாக விரிசலின் மேல் இருந்தது.

“இது எப்போ?”

“செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாய்.” கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். “நேத்து காலையில கேட்டேனே.”

மில்லிமீட்டர் சொன்னதை மட்டும் வரிசையாகச் சொன்னேன்: பசை, இடுக்கி, ஒரு முழு நாள், அவள் நேரில் வந்து சரி என்று சொல்ல வேண்டும் என்பது. சொல்லச் சொல்ல எனக்கே உறைத்தது. புதன்கிழமை சொல்லியிருந்தால் வியாழன் மாலை இடுக்கியைக் கழற்றியிருக்கலாம். இன்று முழுவதும் அவள் வாசித்திருக்கலாம்.

“உடைச்சது கைதவறி” என்றாள். “மறைச்சது கைதவறி இல்லைடி.”

பெட்டியை மூடி, தானே தூக்கிக்கொண்டு என்னோடு பயிற்சிக் கூடத்துக்குக் கிளம்பினாள்.

மில்லிமீட்டர் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் காட்டி விளக்கினார். நாளை மெல்லிய தந்திகள் போட்டு, சுருதியை வழக்கத்தைவிடக் கீழே வைத்தால் கழுத்தின் மேல் இழுவை குறையும். ஆனால் பாட்டு அதே சுருதியில்தான் இருக்கும். எனவே அக்கா எல்லாவற்றையும் இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளி வாசிக்க வேண்டும். விரல் வைக்காமல் சும்மா விட்டு மீட்டும் இடங்களெல்லாம் போய்விடும்.

“தாங்குமா?” என்றாள் அக்கா.

“தாங்கலாம். பாதிப் பாட்டுல விட்டுடவும் செய்யலாம். நான் உத்தரவாதம் தரமாட்டேன்.”

“சரி, பசை வைங்க” என்றாள் அக்கா. அதன் பிறகுதான் பசை மூடி திறந்தது.

இடுக்கியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆட்டோவில் அக்காதான் மடியில் வைத்திருந்தாள், என்னிடம் தரவில்லை.

கிட்டார் இடுக்கியில் இருந்ததால் பழக ஒன்றும் இல்லை. தரை துடைக்கும் கட்டையை எடுத்து, கிட்டாரை அளந்து ஃப்ரெட் இருக்கும் இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்வாள் என நினைத்தேன். வாங்கிக்கொண்டாள். மாலை முழுக்கச் சத்தமே இல்லாமல் அதில் விரல்களை ஓட்டினாள். அடிக்கடி பழைய இடத்துக்கே விரல் போய்விடும். நிறுத்தி, முதலிலிருந்து தொடங்குவாள். ஒரு இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தடுக்கியது. கட்டையைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று எழுந்து மறுபடி அளந்தேன். சரியாகத்தான் இருந்தது.

“அளந்தாச்சா?” என்றாள். “அளந்தாச்சுன்னா தள்ளி உட்காரு. வெளிச்சத்தை மறைக்கிறே.”

நாளைய வேலை: முதலில் அக்காவை எழுப்ப வேண்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் இடுக்கியைக் கழற்ற வேண்டும். விரிசலில் நகம் தட்டுகிறதா என்று அவளையே தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு மெல்லிய தந்திகள், குறைந்த சுருதி, ஒவ்வொன்றாக, மெதுவாக. அவளோடு கிளம்பும்போது திருகுச்சாவியை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.