மூன்று பத்துக்குப் போட்ட ஊசி

ஈரத் துண்டை உதறிக் கொடியில் போடப் போன நாறும்பூநாதன் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைத் துண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாக் கறை. மோந்து பார்த்தார். எண்ணெய் வாடை அடித்தது.

அறுபத்தொன்றாம் வருஷத்துச் சாரல் அது. குற்றாலம் பெரிய அருவிக்குப் பக்கத்தில் ஒரு தர்ம சங்கத்தார் சீசனுக்கு மட்டும் முதலுதவிக் கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கே நாறும்பூநாதன் கம்பவுண்டர். பர்மா சண்டையில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. தலைவலி மாத்திரை கேட்டு வந்தவனிடமும் ரங்கூன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுப்பார்.

மூன்று மணி வாக்கில் ராயகிரியில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஆவுடைநாயகத்தை நாலு பேர் தூக்கி வந்தார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போன மனிதர் பாறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. உடம்பு ஜில்லிட்டுக் கிடந்தது. அலறலோ அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. டாக்டர் இலஞ்சிக்குச் சாப்பிடப் போயிருந்தார். வலி தாங்காதவர்களுக்குப் போடலாம் என்று அவர் மார்பியா மருந்தைக் கம்பவுண்டர் வசம் விட்டு வைத்திருந்தார். நாறும்பூநாதன் வலது கையில் கால் கிரெயின் அளவு ஊசி போட்டார். மணி மூன்று பத்து.

அடுத்தவர் தெரியாமல் மறுபடி போட்டுவிடாதபடி, மார்பியா போட்டவன் நெற்றியில் குறி போட வேண்டும் என்பது பட்டாளத்து வழக்கம். சாரலில் காகிதம் நொடியில் கூழாகிவிடும். அதனால் ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும் காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டு, ஆவுடைநாயகத்தின் நெற்றியில் மருந்தின் முதல் எழுத்தையும் நேரத்தையும் எழுதினார். எண்ணெய்ப் பிசுக்கில் பென்சில் சரியாகப் பிடிக்கவில்லை. அழுத்தி இரண்டாம் தரம் எழுதினார்.

ஆவுடைநாயகத்தின் மனைவி முத்துவடிவு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளை அமர்த்துவதற்கு நாறும்பூநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"அழாதீங்க தாயி. குற்றாலநாதர் திருநீறு. பூசி விடுங்க, அவரு பாத்துக்கிடுவாரு."

சொல்லிவிட்டு, காலில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டக் குனிந்துகொண்டார். ஈர நெற்றியில் யாராவது திருநீறு பூசுவார்களா? கொடியில் கிடந்த அவர் துண்டை எடுத்து அவள் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பூசியிருக்கிறாள். அவர் நிமிர்ந்தபோது நெற்றி நிறைய வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்து அவருக்கு மனசு குளிர்ந்ததே தவிர, குறி எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆவுடைநாயகத்தைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும் வேனைக் கிளப்பும்போது டிரைவர் ஒலி முகம்மது கேட்டான். "ஆஸ்பத்திரியில என்ன சொல்லணும் அண்ணாச்சி?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்லே. எல்லாம் நெத்தியில எழுதியிருக்கு. பள்ளத்துல விடாம ஓட்டு, போதும்."

வாய்க் கொழுப்பு. வேறென்ன சொல்வது?

துண்டில் கறையைப் பார்த்தபோது வேன் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. தபாலாபீஸில்தான் டெலிபோன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்தது. டீக்கடைக்காரன் சைக்கிளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு நாறும்பூநாதன் தென்காசியைப் பார்த்து மிதித்தார்.

குளிர்ந்த உடம்பில் ஊசி மருந்து இறங்காது. தோலுக்கடியிலேயே தங்கிக் கிடக்கும். வலி குறையாது, ஆள் அலறுவான். பார்க்கிறவர்கள் பாவப்பட்டு இன்னொரு ஊசி போடுவார்கள், கம்பளி போர்த்துவார்கள். உடம்பில் சூடு ஏற ஏற இரண்டு மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலக்கும். அப்புறம் ஆள் சுகமாகத் தூங்குவான், தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும். பர்மாவில் அப்படிப் போன இரண்டு சிப்பாய்களை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தக் கதையை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சாரல் முகத்தில் அறைந்தது. எதிரே குளிக்க வருகிற வண்டிகள், ஜனங்கள், சிரிப்பு. ஒதுங்குங்க, ஒதுங்குங்க என்று கத்தினார். போட்டிருப்பார்களா? போட்டிருக்க மாட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி டாக்டர் வரத் தாமதமாகியிருக்கும். குற்றாலநாதா, தாமதமாகியிருக்கட்டும்.

ஒரு டாக்டர் சொந்தமாக நடத்துகிற இருபது கட்டில் ஆஸ்பத்திரி அது. சைக்கிளை வாசலில் போட்டுவிட்டுக் காதைத் தீட்டினார். அலறல் கேட்டால் பிழைத்தோம் என்றிருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

நர்ஸ் சண்முகசுந்தரி ஊசிக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மார்பியா போட்டாச்சாம்மா?"

"அஞ்சு நிமிஷம் ஆச்சு அண்ணாச்சி. இடது கையில கால் கிரெயின். என்னா அலறல் அலறினாரு. இப்பதான் அடங்கியிருக்காரு."

"நானும் போட்டுருக்கேன்." தன் வலது கையைத் தொட்டுக் காட்டினார். "வலது கையில. மூணு பத்துக்கு."

அவள் கையிலிருந்த குழாய் கிண்ணத்தில் விழுந்தது. டாக்டர் ஓடி வந்தார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நாறும்பூநாதனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். ஆவுடைநாயகத்தின் கம்பளியையும் வெந்நீர்ப் பைகளையும் எடுக்கச் சொன்னார். இரண்டு கையிலும் ஊசி போட்ட இடத்துக்கு மேலே கட்டுப் போட்டு, மருந்து மெதுவாக இறங்கட்டும் என்று ஈரத்துணி சுற்றினார். மூச்சு நிற்காமலிருக்க ஒரு ஊசி போட்டார்.

"நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணிக்கிட்டே இருங்க. நாலுக்குக் கீழே போனா என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறையில் பிரசவத்துக்குப் போனார்.

நாறும்பூநாதன் கட்டிலருகே உட்கார்ந்தார். பன்னிரண்டு. பத்து. ஆவுடைநாயகத்தின் கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. எட்டு. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நாறும்பூநாதனும் மூச்சு விடவில்லை.

முத்துவடிவுக்கு விவரம் எதுவும் தெரியாது. மருந்து கூடிப்போச்சு என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த கம்பவுண்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்களுக்காவ மழையில ஓடி வந்திருக்கீயளே ஐயா. நீங்க நல்லா இருக்கணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை. பயம்தான். அவள் கும்பிட்ட கையைக் கீழே இறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஆறு மணிக்கு நர்சுகள் முறை மாறினார்கள். நூர்நிஷா வந்தாள். மூச்சு அப்போது ஆறு. சண்முகசுந்தரி அவளிடம் விவரம் சொல்ல ஆரம்பித்தாள்.

"குற்றாலத்துலயே ஒரு மார்பியா போட்டுருக்காங்க. நெத்தியில குறியும் போட்டுருக்காங்க. யாரோ தொடச்சிட்டாங்க போல, திருநீறுதான் இருந்துச்சு. அது தெரியாம நாங்களும்..."

முத்துவடிவு எழுந்தாள். "நெத்தியில குறியா?" தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "நான்லா தொடச்சேன். அப்போ நானாம்மா எம் புருசனை..."

நாறும்பூநாதன் எழுந்து நின்றார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நூர்நிஷாவைப் பார்த்துச் சொன்னார்.

"எழுதிக்கிடுங்கம்மா. தொடை எலும்பு முறிவு. உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. மூணு பத்துக்கு வலது கையில மார்பியா கால் கிரெயின் நான் போட்டேன். மூணு அம்பதுக்கு இங்கன இடது கையில கால் கிரெயின். குறி போட்டதை இந்தம்மாகிட்ட நான் சொல்லலை. திருநீறைக் கையில கொடுத்துப் பூசச் சொன்னதும் நான்தான். டிரைவர் கேட்டான், அவன்கிட்டயும் சொல்லலை. இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லை. இப்ப மூச்சு ஆறு."

நூர்நிஷா எழுதி, வரிவரியாகத் திருப்பி வாசித்தாள். ஆமா, ஆமா என்றார்.

முத்துவடிவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுவாள், சேலையை வரிந்துகொண்டு அடிக்க வருவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"உங்களுது, நீங்களே வச்சுக்கிடுங்க. உக்காந்து எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க, எனக்கும் கேக்கணும்."

அவர் உட்கார்ந்தார். நிமிஷம் முடிந்ததும் கையைத் தூக்குவதாகச் சொல்லி நூர்நிஷா கடிகாரத்தைப் பிடித்தாள். ஒன்று என்றார். இரண்டுக்கு வெகுநேரம் காத்திருந்தார்கள். மூன்று. நான்கு. முத்துவடிவின் உதடும் கூடவே அசைந்தது. ஐந்து. ஆறு. நூர்நிஷா இன்னும் கையைத் தூக்கவில்லை.

"ஏழு" என்றாள் முத்துவடிவு, அவருக்கு முன்னால்.