ரொட்டியின் மேல் கை

அன்று மதியம் கல்குவாரியின் சாப்பாட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேஸ்திரி லுலாஷ், கல் அறுக்கும் பாஷ்க், சமையல்காரி டிலா, ஷ்கோட்ரா நகரத்திலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி, தலை நரைத்த பிறகும் அங்கே பாறைக்கு வெடி வைக்கும் ஃப்ரோக். ஆறாவதாக இருந்திருக்க வேண்டியவன் வுக்சான், ஃப்ரோக்கின் இறந்துபோன தம்பியின் மகன். வலது கை மணிக்கட்டோடு போய் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

அதிகாரிக்காகக் காலையிலிருந்து காத்திருந்தார்கள். வந்ததும் அவர், வழியில் பாலம் உடைந்துவிட்டது என்றார். அவருடைய முகவாயில் மேனேஜர் வீட்டு ஆட்டிறைச்சியின் நெய் காயாமல் மின்னியது.

"அந்தப் பாலம் எப்பவும் இப்படித்தாங்கய்யா," என்றான் லுலாஷ்.

காலையில் அந்தப் பாலத்தின் மேல் நடந்துதான் ஃப்ரோக் வேலைக்கு வந்திருந்தார். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து மேஸ்திரியைப் பார்த்தார். மற்றவர்கள் மூச்சு விடுவதுபோல இவன் பொய் விடுவான். தேவையே இல்லாத இடத்திலும் ஒன்று விட்டுவைப்பான், பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க.

விசாரணை நீளவில்லை. கல் அறுக்கும் வாளுக்கு இரும்பு மூடி இல்லாததால் கை போனது என்றால் குவாரி வுக்சானுக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட வேண்டும். அவன் குடித்திருந்தான் என்றால் வேலையும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

"குடிச்சிருந்தாங்கய்யா," என்றான் லுலாஷ். "நல்ல பையன்தான். என்ன செய்யறது."

"நீங்க?" அதிகாரி பாஷ்க்கின் பக்கம் திரும்பினார்.

"வாசனை வந்துச்சு," என்றான் பாஷ்க். வுக்சானுக்குக் குழந்தையில் முதல் முடி வெட்டிய ஞானத்தகப்பன் அவன்.

"எங்க வீட்டுல வேலை நாள்ல சாராயத்தை எவனும் தொடமாட்டான்," என்றார் ஃப்ரோக். "வேலை சீக்கிரம் முடியணும்னு மூடியக் கழட்டினது இந்த லுலாஷ். என் கண்ணால பாத்தேன். அதோ கிடக்கு பாருங்க."

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே, டிலாவின் கோழிக்கூண்டுக்கு மேல், மழைக்கு மறைப்பாக அந்த இரும்பு மூடி கவிழ்ந்து கிடந்தது. வாள் உரசிய கோடுகள்கூட இங்கிருந்து தெரிந்தன. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது பழைய மெஷினோடது பெரியவரே," என்றான் லுலாஷ், பரிவோடு. "உங்களுக்கு வயசாச்சு. துக்கம் வேற."

பழைய மெஷின் என்று ஒன்று அந்தக் குவாரியில் இருந்ததே இல்லை. அதிகாரி தலையாட்டிக்கொண்டார்.

ஃப்ரோக் எழுந்தார். மேசை நடுவே டிலா சுட்ட ரொட்டி இன்னும் வெட்டப்படாமல் இருந்தது. அதை முன்னால் நகர்த்தினார். வாயால் சொல்வதை அந்த மலையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரொட்டியின் மேல் கை வைத்துச் சொல்வது வேறு. அப்படிப் பொய் சொன்னவனுக்குப் பக்கத்து வீட்டில் அடுப்புக்குத் தீகூடக் கொடுக்கமாட்டார்கள் என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார்.

"இது மேல கை வெச்சுச் சொல்லட்டும்," என்றார். "சொல்லிட்டு ஒரு வாய் சாப்பிடட்டும். அப்படிச் செஞ்சா நான் இதோட விட்டுடறேன். இதப்பத்தி இனி பேசமாட்டேன். எங்க வீட்டுலேருந்து ஒருத்தரும் கோர்ட்டுப் படி ஏறமாட்டாங்க. இது என் வாக்கு."

"பெரியவர் வாக்கு குடுத்துட்டார்," என்றான் லுலாஷ். "எல்லாரும் கேட்டீங்கல்ல?"

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். ரொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். "இந்த ரொட்டி மேல ஆணையா, வாளுக்கு மூடி இருந்துச்சு. பையன் குடிச்சிருந்தான்." ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு மென்றான். "உப்பு கம்மி டிலா."

கூரை இடிந்து விழவில்லை. பாஷ்க் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவனும் விரல் நுனியால் ரொட்டியைத் தொட்டு, அதையே முணுமுணுத்தான். வாயில் போட்ட துண்டு தொண்டையில் அடைத்தது. இருமினான், கண்ணில் நீர் வந்தது. லுலாஷ் முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுத்தான். விழுங்கிவிட்டான்.

"அம்மா, நீங்க?" என்றார் அதிகாரி.

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு," என்று டிலா உள்ளே போனாள்.

அதிகாரி ஃப்ரோக்கைப் பார்த்தார். "மேல ஏதாச்சும் சொல்லணுமா?"

ஃப்ரோக் கதவு வழியே பார்த்தார். மூடியின் மேல் ஒரு கோழி ஏறி நின்றுகொண்டிருந்தது.

"இல்ல," என்றார்.

கார் போனபிறகு டிலா கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏன் மாமா விட்டீங்க? அந்த மூடியத் தூக்கிட்டு வந்து அந்தாள் மூஞ்சிக்கு நேரா போட்டிருக்கலாம்ல?"

"வாக்கு குடுத்தாச்சு."

"அவனுங்க பொய்யில்ல சொன்னானுங்க?"

"அது அவனுங்க புத்தி. எங்க வீட்டு வாக்கு அப்படி இல்ல." பிறகு கேட்டார்: "உன் கோழிக்கூண்டு மேலதானே கிடக்கு. நீ சொல்லியிருக்கலாமே?"

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க மாமா," என்று அவள் ரொட்டித் துணுக்குகளைத் துடைத்தாள்.

அடுத்த வாரம், ஃப்ரோக்குக்கு வயதாகிவிட்டது, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். லுலாஷ்தான் வந்து சொன்னான், ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னான். வுக்சான் வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் பாஷ்க் சர்க்கரையும் காப்பியும் வாங்கிவந்து நின்றான். ஃப்ரோக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே, ஒற்றைக் கையால் ரொட்டி பிய்க்க வராமல் வுக்சான் அதை முழங்கையால் மேசையில் அழுத்திக்கொண்டிருந்தான். ஃப்ரோக் வாங்கிப் பிய்த்துத் தட்டில் வைத்தார்.

குவாரிக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கறவைப் பசுவை அவர் தொழுவத்தில் கட்டிவிட்டார்கள், அதனால்தான் கிழவர் வாயை மூடிக்கொண்டார் என்று ஊரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். பசு எதுவும் வரவில்லை. தொழுவம் காலி.