தொண்டையில் பனங்கொட்டை

1986இல், யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடை போட்டு மூன்று மாதமானபோது, நாரந்தனையில் இராசேஸ்வரியின் மாடு தீனி தின்பதை நிறுத்தியது. வாயிலிருந்து வீணீர் வடிந்தது. கத்தினால் குரல் கரகரத்தது. தொண்டையில் பனங்கொட்டை சிக்கிவிட்டது என்று இராசேஸ்வரி முடிவு செய்தாள். கையை விட்டுப் பார்த்தாள், எட்டவில்லை. கணவன் கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர். அதனால் அடுத்த வளவில் வேலி அடைத்துக்கொண்டிருந்த எமிலியானுஸைக் கூப்பிட்டாள். அவர் மீன்பிடிக்காரர். வேலி வேலை பழக்கமில்லாததால் இரண்டு கையும் முள் கிழித்த காயமாக இருந்தது.

எமிலியானுஸ் முழங்கை வரை கையை மாட்டின் வாய்க்குள் விட்டு இரண்டு தரம் துழாவினார்.

"கொட்டை இல்லைப் பிள்ளை," என்றார்.

அடுத்த நாள் மிருக வைத்தியர் சைக்கிளில் வந்தார். தூரத்திலேயே நின்று பார்த்தார்.

"நாய் ஏதும் கடிச்சதோ?"

"போன மாசம் மூக்கிலை சின்னக் காயம். மஞ்சள் பூசினனான். மாறீட்டுது."

"காயம்தான் மாறினது. இது நாய்க்கடி விசர். வாய்க்குள்ளை ஆர் கை விட்டது?"

இராசேஸ்வரி தன் கையைப் பார்த்தாள். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற எமிலியானுஸின் கையைப் பார்த்தாள்.

விடிய மாடு செத்தது. ஆழக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாட்டார்கள். சுகாதாரப் பரிசோதகர் யாக்கோப்பு வந்து, அந்த இரண்டு பேரும் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட வேண்டும் என்றார். அந்த மாட்டின் பாலை வாங்கிக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு ஊசி தேவையில்லை என்றும் சொன்னார்.

மறுநாள் காலை, பாலைக் காய்ச்சிக் குடித்த இருபத்துமூன்று பேர் ஊசி கேட்டு அவர் வீட்டுப் படலையில் நின்றார்கள். பெஞ்சன் எடுத்த தபாலதிபர் வைத்திலிங்கம், தான் அரைக் கோப்பைதான் குடிப்பதாகவும், தனக்கு ஏழு ஊசி போதும் என்றும் சொன்னார். தேவையில்லை என்றதும் எல்லோரும் மனத்தாங்கலோடு போனார்கள்.

ஊசி தேவைப்பட்ட எமிலியானுஸ் வரவில்லை.

"என்னை நாயும் கடிக்கேல்லை, மாடும் கடிக்கேல்லை. நானாத்தான் கையை விட்டனான்," என்றார்.

இராசேஸ்வரி அவர் வீட்டு வாசற்படியில் போய் இருந்தாள்.

"நீங்கள் வராட்டில் நானும் போகன், அண்ணை."

"அது உம்மடை விருப்பம்."

"ஓம். விசர் பிடிச்சால் முதல் உங்களைத்தான் கடிப்பன்."

அவர் மனைவி மாக்கிறேற் கோயிலுக்கு உடுக்கும் சேலையோடு குசினியிலிருந்து வந்தாள்.

"ரண்டு பேரும் எழும்புங்கோ. பஸ் வரப்போகுது."

பதினாலு நாளும் மூவரும் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். நாலாம் நாள் அதே பஸ்ஸில் வந்த யாக்கோப்பு, ஊருக்குள் இத்தனை நாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"முந்தி கரையிலை மீன் தலையும் குடலும் கிடக்கும். நாயும் அங்கைதான் கிடக்கும். இப்ப மீன் இல்லை. நாய் பசிச்சு ஊருக்குள்ளை வந்திட்டுது. நானும் வந்திட்டன்," என்றார் எமிலியானுஸ்.

அறிக்கையில், நோய் பரவக் காரணம் என்ற இடத்தில் 'கடற்றொழில் தடை' என்று யாக்கோப்பு எழுதி அனுப்பினார். இது நம் திணைக்களத்துக்குரிய விடயமல்ல என்று அது திரும்பி வந்தது. வெட்டிவிட்டு 'நாய்' என்று எழுதினார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நாய்களுக்குப் போட மருந்து வந்தது, பிடிக்க ஆளில்லை. பதினோராவது ஊசி போட்ட வயிற்றோடு எமிலியானுஸ் வீச்சு வலையை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாளில் நாற்பத்தொரு நாய் வலையில் விழுந்தது. ஊசி போட்ட நாய்களின் கழுத்தில் அடையாளமாகக் கட்ட இராசேஸ்வரி பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தாள். ஒரு நாயின் கழுத்தில் முடிச்சுப் போடும்போது அவள் மாட்டின் கழுத்தை நினைத்து அழுதாள். எமிலியானுஸ் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாய்க்கு ஒண்டு, எனக்குப் பதினாலு. என்ன ஞாயம்?" என்று பிறகு யாக்கோப்பிடம் கேட்டார்.

"நாய் மாட்டின்ரை வாய்க்குள்ளை கை விடேல்லை."

வருடம் முடியும்வரை இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. மாக்கிறேற் அந்தோனியார் கோயிலில் மூன்று மெழுகுதிரி கொளுத்தினாள். மூன்றாவது மாட்டுக்கு. மாட்டுக்குக் கொளுத்தலாமோ என்று சுவாமியாரிடம் அவள் கேட்கவில்லை.