தறிக்கு ஒத்துக்கொள்ளாத கண்ணாடி

கண்ணாடிக் கடை உமாபதி தேவகியை ஸ்டூலில் உட்காரவைத்து, கனமான வட்டச் சட்டம் ஒன்றை அவள் மூக்கில் மாட்டினார். அதில் ஒரு கண்ணாடிச் சில்லை எடுப்பதும் இன்னொன்றைப் போடுவதுமாக இருந்தார்.

"அம்மா என்ன வேலை செய்யறாங்க?"

கேட்டது தேவகியைப் பார்த்துத்தான். பதில் சொன்னது அவள் புருஷன் வேணுகோபால்.

"வேலன்னு ஒண்ணும் இல்லீங்க. வூட்லதான் இருக்குது."

தேவகிக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். தறி புருஷன் பேரில் இருக்கும். நெய்கிறவன் அவன். பெண்டாட்டி கூட உட்காருகிறவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து தேவகி வேணுகோபாலின் வலது பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் புடவையின் உடலுக்கு ஒரு நிற நூலை ஓட்டுவான். அவள் கரைக்கு வேறு நிறத்தை ஓட்டுவாள். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு நூலையும் ஒன்றோடொன்று கோத்துவிட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் உடலும் கரையும் சேருகிற இடத்தில் ஓட்டை விழுந்துவிடும். அந்தக் கோர்வைக்காகத்தான் ஊர் ஊராக வந்து புடவை வாங்கிப் போகிறார்கள். அதை ஒரு வேலை என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. தேவகியும் சொன்னதில்லை.

உமாபதி எழுத்து அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்தார். "புஸ்தகம் படிக்கிற மாதிரி புடிங்கம்மா. தெரியுதா?"

"முத்து முத்தா தெரியிது."

"சரி. புதுசுல கொஞ்ச நாள் ஒரு மாதிரியா இருக்கும், பழகிடும். அப்புறமும் தலைவலி, கிறுகிறுப்புன்னு இருந்தா பேசாம போட்டுக்கினு இருக்காதீங்க. கண்ணாடியோட இங்க வாங்க. எங்க தப்புன்னு பாக்கலாம்."

வேணுகோபால் தலையை ஆட்டினான். அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தான்.

கண்ணாடி வந்த அன்று தேவகி முறத்தில் அரிசியைப் பரப்பி உட்கார்ந்தாள். கல்லும் நெல்லும் தனித்தனியாகத் தெரிந்தன. ஊசியில் நூல் கோத்துப் பார்த்தாள். முதல் தடவையிலேயே கோத்துக்கொண்டது. பொங்கலிலிருந்து கண் மங்கிக்கொண்டு வந்ததை நினைத்து அழுத நாட்கள் உண்டு. இனிமேல் கவலை இல்லை என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்தபோது அந்த நினைப்பு போய்விட்டது.

தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூல் அவள் மடிக்கு அப்பால், கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. அரக்குக் கரையும் மயில்கழுத்து உடலும் சேருகிற இடத்தில் இழைகள் தெரியவில்லை, நிறம் மட்டும் குழம்பிக் கிடந்தது. கண்ணாடியைக் கழற்றினாள். அப்போதும் மங்கல்தான். மறுபடி போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து போனாள். மூக்கு பாவுக்குக் கிட்டே போனதும் இழைகள் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் அவ்வளவு குனிந்தால் நாடா ஓட்டக் கைக்கு இடமில்லை. வேணுகோபால் நூலை நெருக்கும் பலகையை இழுத்து அடித்தபோது அது அவள் கண்ணாடியில் இடித்தது.

"இன்னா தேவகி, பலகைக்கு முத்தம் குடுக்கறியா?" என்று அவன் சிரித்தான்.

அடுத்த வீட்டுத் தறிக்காரன் துரைக்கண்ணு நெருப்புப் பெட்டி கேட்டு வந்தவன், வாசற்படியிலேயே நின்றுவிட்டான். "அண்ணி டீச்சரம்மா ஆயிட்டாங்க. இனிமே கணக்கு தப்பா போட்டா நமக்குப் பிரம்படிதான்."

"சரியா தெரியலப்பா துரைக்கண்ணு."

"புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான் அண்ணி. எங்க மாமன் கண்ணாடி போட்டு ஒரு மாசம் செவுத்துல முட்டிக்கினு இருந்தாரு. அப்புறம் அவரே கழட்ட மாட்டேன்னுட்டாரு. போட்டுக்கினே இருங்க."

போட்டுக்கொண்டே இருந்தாள். எழுந்து நடந்தால் தரை மேலே ஏறி வருவது போல இருந்தது. ஒரு நாள் தறிக் குழியில் காலை இறக்கும்போது விளிம்பு எங்கே என்று தெரியாமல் சறுக்கி, கணுக்காலைச் சிராய்த்துக்கொண்டாள். சாயந்திரமானால் நெற்றிப் பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. உமாபதி சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்றால், கண்ணே போய்விட்டது என்றுதான் வேணுகோபால் நினைப்பான் என்று பயந்தாள். அவளும் பாதி அப்படித்தான் நினைத்தாள்.

கண் போனால் தறியில் அவன் பக்கத்து இடம் போய்விடும். வேணுகோபால் வீட்டில் அதிகம் பேசாதவன். சாப்பிட்டதும் துரைக்கண்ணுவோடு டீக்கடைக்குப் போய்விடுவான். தறியில் உட்கார்ந்தால் மட்டும் அவன் வாய் திறக்கும். சின்ன வயதில் தாமல் ஏரியில் முழுகிப்போக இருந்தது, செத்துப்போன தம்பி, ராத்திரி வந்த கனவு என்று எல்லாவற்றையும் நாடா ஓட்டிக்கொண்டே சொல்வான். குழந்தை இல்லாத வீட்டில் அவளுக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான். அந்த இடத்தை விட அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவிக் கோத்தாள். பழகின விரல்தானே என்று நம்பினாள்.

அப்படி நெய்து முடித்த முகூர்த்தப் புடவையை வேணுகோபால் கொண்டுபோனபோது, கூலிக்கு நெய்யக் கொடுத்த முதலாளி அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கரை ஓரத்தில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது.

"வேணு, இது இன்னா புடவையா, சல்லடையா?" என்றார். புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேணுகோபால் வீட்டுக்கு வந்து கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பாள். அவன் புடவையை மடித்து வைத்துவிட்டு, "உன்ன ரொம்ப நாளா கஷ்டப்படுத்திட்டேன் தேவகி" என்றான். இரண்டு நாள் கழித்து தாமலுக்குப் போய், தேவகியின் இடத்தில் உட்காரத் தம்பி பெண்டாட்டி லோகாம்பாளை அழைத்துக்கொண்டு வந்தான்.

லோகாம்பாள் தம்பி இருந்தபோது அவனோடு தறியில் உட்கார்ந்தவள். அவன் போன பிறகு தாய் வீட்டில் அண்ணிமார்களிடம் சோற்றுக்குப் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வந்த அன்றே தகரப் பெட்டியை மூலையில் வைத்துவிட்டு, "அக்கா, பாத்திரத்த நான் தேய்க்கட்டா?" என்று கேட்டாள்.

"நீ தறிக்குப் போ. பாத்திரம் என் வேல" என்றாள் தேவகி.

ஐப்பசி மழையில் கண்ணாடியின் ஒரு கால் கழன்றது. அதை மாட்ட தேவகி தனியாக உமாபதி கடைக்குப் போனாள். அவர் திருகாணியை முடுக்கிக்கொண்டே, "கண்ணாடி ஒத்துக்கிச்சாம்மா?" என்று கேட்டார்.

"அரிசி பொறுக்க நல்லா இருக்குது. தறிக்குத்தான் ஒத்துக்கல. அது என் கண்ணு அப்படி, வுடுங்க."

உமாபதி கையை நிறுத்தினார். "தறியா? நீங்க தறியில ஒக்காருவீங்களா?"

"கூட ஒக்காருவேன். கோர்வை போடுவேன்."

"அன்னிக்கு வூட்ல சும்மா இருக்கறதா இல்ல சொன்னாரு?"



அவர் அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். தறியில் உட்காருவது போலவே முதுகை வைத்துக்கொண்டு, கோர்வை விழுகிற இடத்தில் கையை நீட்டச் சொன்னார். கண்ணிலிருந்து விரல் நுனி வரைக்கும் டேப் பிடித்தார். பிறகு அட்டையை முன்பு பிடித்த இடத்தில் பிடித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா, தறித் தூரத்துல பாதிதான் இது. நான் குடுத்தது இந்தத் தூரத்துக்கு. இதுக்கு மேல போனா மங்கத்தான் செய்யும். உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குது. சில்லும் தப்பு இல்ல. வேற வேலைக்குப் போட்ட சில்லு, அவ்ளோதான்."

பலம் குறைந்த சில்லைச் சட்டத்தில் போட்டார். நீட்டிய கையில், அவள் விரல் ரேகை தெரிந்தது. பட்டு நூல் அறுத்து அறுத்துப் பதிந்துபோன கோடுகளும் தெரிந்தன.

"மாத்தித் தரேன். ரெண்டு நாள் கழிச்சி வாங்க" என்றார். அவள் எழுந்த பிறகு, "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்மா" என்றார்.

புதுக் கண்ணாடியோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலிருந்து விஷயத்தைச் சொன்னாள். வேணுகோபால் பலகையைப் பிடித்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். லோகாம்பாள் நாடாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"ஒக்காருங்க அக்கா. போட்டுப் பாருங்க."

தேவகி உட்கார்ந்தாள். ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நின்றது. நிமிர்ந்த முதுகோடு நாடாவை ஓட்டினாள். கை மறக்கவில்லை. வேணுகோபாலின் மிதியும் அவள் கையும் பழையபடி சேர்ந்துகொண்டன. விரற்கடை அளவு நெய்து முடிக்கும்வரை ஒரு கோர்வைகூட விட்டுப்போகவில்லை.

"உன் கண்ணு நல்லாத்தான் இருந்துது" என்றான் அவன். பிறகு, "நான்தான் உன்ன மறுபடி கடைக்குக் கூட்டிக்கினு போயிருக்கணும்" என்றான்.

தேவகி நிமிர்ந்தாள். லோகாம்பாள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். மூலையில் இருந்த தன் தகரப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அதைப் பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டாள். இந்தத் தூரத்துக்கு அந்தச் சில்லு இல்லை. இருந்தாலும் தேவகிக்கு அது தெரிந்தது.

"வா லோகு" என்று எழுந்தாள். "ஓரத்துல கொஞ்சம் இழுத்துப் புடிச்சிப் போடு. அவரு பலகைய வேகமா அடிப்பாரு."

"அக்கா, நீங்களே..."

"அடுப்புல உலை வைக்கணும். வா."

ராத்திரி சாப்பிடும்போது வேணுகோபால், "இன்னொரு தறி போட்டா இன்னா?" என்று கேட்டான்.

"எங்க போடறது? இருக்கறது ஒரு குழி. அதுக்கே காலு நீட்ட இடம் இல்ல."

"பாக்கலாம்."

இன்னும் சில நாள் அப்படியே சொல்வான் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் சொல்லமாட்டான். லோகாம்பாளுக்கு முன்னால் சொல்லவும் முடியாது.

காலையில் சமையல் அறையில் தேவகி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தறி ஓடத் தொடங்கியது. லோகாம்பாளின் கை இன்னும் கொஞ்சம் மெதுவுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேணுகோபால் ஒரு மூச்சு நேரம் காத்திருந்து அடித்தான். பிறகு அவன் எதையோ சொல்வது கேட்டது. என்ன பேச்சு என்று இங்கிருந்து விளங்கவில்லை. லோகாம்பாள் "அப்படியா மாமா?" என்று கேட்டாள். அவன் மேலே சொல்லிக்கொண்டே போனான்.